"தேவையில்லை" என்று எழுதிய நான்கு பக்கம்

நான் டிகிரி படிக்கச் சேர்ந்தது நாற்பத்து மூன்றாவது வயதில். ஆசைப்பட்டுச் சேரவில்லை. சத்தியவேட்டுக்கு அருகில், கார்களுக்கு வேண்டிய ஒயர் கட்டுகள் செய்யும் தொழிற்சாலையில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்திருந்தேன். அதில் கடைசி ஐந்து ஆண்டுகள் முப்பத்திரண்டு பேர் கொண்ட ஒரு லைனை நடத்தியவள் நான்தான். காலையில் ஆட்களைப் பிரித்து நிறுத்துவேன். ஷிப்ட் முடிந்ததும் அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போடுவேன். சம்பளச் சீட்டில் மட்டும் 'ஆபரேட்டர்' என்றிருக்கும்.

ஒரு திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். இனி லைன் சூப்பர்வைசருக்குப் பட்டம் கட்டாயம். அந்த வேலையை ஏற்கெனவே பார்ப்பவர்கள் மூன்று ஆண்டுக்குள் பட்டம் வாங்காவிட்டால் ஒயர் கட்டும் பழைய மேசைக்கே திரும்ப வேண்டும். அன்றைய டைரியில் இப்படி இருக்கிறது: "காலை 6.10. பலகையில் தாள். இன்டர் படித்தவள் எழுதிய அறிக்கை நேற்றுவரை செல்லும்." ஆந்திரத்தில் பிளஸ் டூவுக்கு இன்டர் என்று பெயர்.

அஞ்சல் வழியில் பி.ஏ. சேர்ந்தேன். வகுப்பு ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பதியில். வார ஓய்வு போயிற்று. மூன்றாம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதிவரச் சொன்னார்கள்: 'வாழ்வில் வெற்றி பெற உயர்கல்வி தேவையா?' ஒரு மாணவராக உங்கள் கருத்தைத் தெலுங்கில் எழுதுக.

என் கருத்தை எழுதினேன். தேவையில்லை. ஒயர் நுனியிலுள்ள 'பின்' என்ற உலோக முனை அதன் கூட்டுக்குள் சரியாக உட்காரும்போது ஒரு சின்னச் சத்தம் வரும்; மெஷின் இரைச்சலில் அது காதுக்கு எட்டாது, விரலுக்குத்தான் தெரியும். வரைபடத்தைப் படித்துவிட்டு இரண்டு பட்டதாரிகள் 'சரி' என்று அனுப்பிய ஒரு பெட்டியை நான் லாரியில் ஏற விடாமல் நிறுத்தியதை எழுதினேன். பிரித்துப் பார்த்தபோது பதினான்கு கட்டுகளில் பின் உட்காரவில்லை. படித்தவர்களை நான் குறைத்து எழுதவில்லை. படிக்காதவளைத் தோற்றவள் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை என்று எழுதினேன். நான்கு பக்கம் வந்தது.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காருபவர் ஒரு பஸ் கண்டக்டர் அக்கா, புத்தூர்ப் பக்கத்துக்காரர். ஐம்பது வயது. என் தாள்களைப் புரட்டிப் பார்த்தார்.

"இன்னாமே, இம்மாம் எழுதிக்கினு வந்துகீற? கைடுல ஒன்றப் பக்கம்தானே கீது?"

"கைடப் பாத்து எழுதலக்கா. எனக்குத் தோணினத எழுதினேன்."

"உனக்குத் தோணினத யாரு கேட்டாங்க? தேவைதான்னு எழுதிட்டு மார்க்க வாங்கிக்கினு போவியா!"

அவருடைய கட்டுரையை வாங்கிப் படித்தேன். முதல் வரி: 'பதினெட்டு வயது மாணவனான நான் விடுதியில் தங்கிப் படித்து வருகிறேன்.'

"அக்கா, உனக்குப் பேரன் கீறான்."

"அதனால இன்னா? மார்க்கு போடறவரு என் மூஞ்சியப் பாத்தா போடப்போறாரு?"

எங்கள் வரிசையில் இன்னும் ஆறு பேரிடம் வாங்கிப் பார்த்தேன். ஆறு பேருக்கும் பதினெட்டு வயது. ஆறு பேரும் விடுதியில் இருந்தார்கள்.

அவர்கள் எல்லோருடையதையும் வாங்கி வைத்துக்கொண்ட விரிவுரையாளர் என்னுடையதைத் திருப்பிக் கொடுத்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். "தேவையில்லைனா மீரு எந்துக்கு வச்சாரம்மா?" என்றார். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டதும் வகுப்பே சிரித்தது.

"நான் ஏற்கெனவே பார்க்கிற வேலையைப் பிடுங்காம இருக்கத்தான் சார் வந்தேன்" என்று தெலுங்கில் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் கைடில் உள்ளபடி எழுதி வரச் சொன்னார். இல்லாவிட்டால் கையெழுத்துப் போட முடியாது. அந்தக் கையெழுத்து இல்லாமல் ஹால் டிக்கெட் வராது. அந்த ஆண்டு தேர்வு எழுதாவிட்டால் தொழிற்சாலை கொடுத்த மூன்று ஆண்டு முடிந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை மாலை கைடை விரித்து வைத்து முதல் வரியை எழுதினேன். பதினெட்டு வயது, விடுதி. அடித்துவிட்டு மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை அதே நான்கு பக்கத்தை நீட்டினேன். "மார்ச்சலேதா?" என்றார். மாற்றவில்லை என்றேன்.

"வேணாம்னா திருப்பிக் குடுங்க சார். ஆனா இதுல என்ன தப்புன்னு முதல் பக்கத்துல எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வைங்க. எங்க லைன்ல எதைத் தள்ளினாலும் ஒரு சிவப்பு அட்டை கட்டணும். காரணம், நேரம், தள்ளினவர் கையெழுத்து. அது இல்லாம எம்.டி. வந்து தள்ளினாலும் நான் எடுத்துக்க மாட்டேன்."

"வாய மூடிக்கினு இரேன்மே," என்று பக்கத்திலிருந்து அக்கா என் முந்தானையை இழுத்தார்.

விரிவுரையாளர் பேனாவைத் திறந்தார். முதல் பக்கத்தின் மேல் வைத்தார். எழுதவில்லை. பிறகு படிக்கத் தொடங்கினார். நான்கு பக்கத்தையும் படித்தார். போன வாரம் அவர் தலைப்பைத் தாண்டவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பெட்டியை நிறுத்திய இடத்தில் விரல் வைத்து, இது நிஜமா என்று கேட்டார்.

"தேதியோட டைரில இருக்கு சார்."

இருபதுக்கு எட்டு போட்டுக் கையெழுத்திட்டார். எட்டு என்றால் பாஸ். கண்டக்டர் அக்காவுக்குப் பதினேழு.

"கைடு பதினேழு, நீ எட்டு," என்று பஸ் ஸ்டாண்டு வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

"எட்டும் என்னுதுக்கா. உன் பதினேழு அந்த ஆஸ்டல் பையனுது."

ஹால் டிக்கெட் வந்தது, எழுதினேன், பட்டமும் வந்தது. நகலை அலுவலகத்தில் கொடுத்த ஒன்பதாம் நாள் கடிதம் கொடுத்தார்கள்: பட்டம் பெற்றுத் தகுதி அடைந்ததால் இந்த மாதம் முதல் லைன் சூப்பர்வைசர். கீழே என் கையெழுத்துக்கு இடம். நான் போடவில்லை. படிப்புக்கு முன் ஐந்து, படிப்போடு மூன்று என எட்டு ஆண்டு நான் எழுதிய ஷிப்ட் அறிக்கைகளில் முதலாவதன் தேதியைக் குறித்து, பதவி அந்த நாளிலிருந்து என்று திருத்தித் தரும்படி எழுதிக் கொடுத்தேன்.

சென்னையிலிருந்து வந்துபோகும் ஹெச்.ஆர். அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். "அக்கா, தேடி வர்ற போஸ்ட்ட வேணாங்கறீங்களா?"

"வேணும் சார். ஆனா இந்தப் பேப்பர் வந்தப்புறம்தான் எனக்கு வேலை தெரிஞ்சிச்சின்னு கையெழுத்துப் போட மாட்டேன்."

அவர்கள் கடிதத்தைத் திருத்தவில்லை. என் இடத்தில் வேறு ஆளைப் போடவும் இல்லை. காலை ஷிப்டில் முப்பத்திரண்டு பேரையும் இன்றும் நான்தான் நிறுத்துகிறேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் என் மனுவின் ஒரு நகலை அலுவலக மேசையில் வைத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குகிறேன். நேற்று வைத்தது ஏழாவது.