குழாய் நுனியில் மண்

ரூஜ் ஆற்றங்கரைப் பனிக்குள் அலுமினியக் குழாயை இறக்கினேன். உள்ளே ஏறும் பனியை நிறுத்துப் பார்த்தால் அதில் எவ்வளவு தண்ணீர் என்று தெரியும். பனி உருகும்போது வெள்ளம் வருமா என்றும் சொல்லலாம். அடிவரை போனதற்குச் சாட்சியாக நுனியில் மண் வரவேண்டும். என் கை எப்போதும் சற்று மேலேயே நின்றுவிடும்.

"மண் வரேல்லை அக்கா, திருப்பிக் குத்துங்கோ," என்றான் கூட வேலை செய்யும் கவின்.

குத்தினேன். ஐஸ் நொறுங்கிய சத்தத்தில் எனக்கு எட்டு வயதாகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு வளவை ஆமிக்காரர் ஆயுதம் தேடி இரும்புக் கம்பியால் குத்திக் குத்தி வருகிறார்கள். நாங்கள் இடம்பெயர்ந்து போய்த் திரும்பியிருந்தோம். போகும்போது அப்பா பித்தளைச் சாமான்களை மண்ணுக்குள் தாட்டு, அடையாளத்துக்கு மேலே வாழைக்குட்டி நட்டிருந்தார். கம்பி நேரே அங்கேதான் போனது.

"கீழ என்ன?" என்றான் கம்பி வைத்திருந்த ஆமிக்காரன்.

"வெறும் மண் ஐயா," என்றார் அப்பா.

கம்பி டங்கென்றது. அதே கம்பியால் அப்பாவை அடித்தார்கள். முழங்கை முறிந்த சத்தம் தனியாகக் கேட்டது. பிறகுதான் தோண்டினார்கள்: அம்மாவின் குத்துவிளக்கு, இரண்டு செம்பு.

"ஏனக்கா பயப்பிடுறியள்? கீழ வெறும் மண்தானே," என்று கவின் சிரித்தான்.

"வாயைப் பொத்தடா!"

குழாயைத் தூக்கி முழுப் பலத்தோடும் குத்தினேன். முதல் குத்திலேயே மண் வந்துவிட்டது. நான் நிறுத்தவில்லை.