சிமெண்டுக்குத் தண்ணீர் விட்ட அத்தான்

ஈரத்துண்டு ஒன்றைப் பார்த்தால் போதும், இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். கூடவே கண்ணும் கலங்கும். அத்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் கொத்தனார். அக்கா ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்யும் மில்லுக்குப் போய்வந்தாள். தொண்ணூறுகளின் கடைசியில் அவளுக்கு முதுகுவலி வந்தது. ஒரு வருஷமாகச் சுவரைப் பிடிக்காமல், "அம்மா" என்று முனகாமல், அவள் ஓர் அடி வைத்ததில்லை. மதுரையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், முதுகெலும்புக்குள் ரத்தக்குழாய்க் கட்டி என்றார். கட்டி என்றதுமே அத்தான் இடிந்துபோனார். புற்றுநோய் இல்லை, ஆனால் எலும்பு நொறுங்கினால் கால் இரண்டும் விளங்காமல் போகலாம் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். முதுகைக் கிழிக்க வேண்டாமாம். ஊசி வழியாக எலும்புக்குள் சிமெண்ட் செலுத்தினால் போதுமாம். அப்போது எங்கள் பக்கம் யாரும் கேள்விப்படாத வைத்தியம் அது. ஆனால் சிமெண்ட் என்ற சொல்லைக் கேட்டதும் அத்தானுக்கு உயிர் வந்தது. அவருக்குத் தெரியாத சிமெண்டா?

மறுநாள் அங்கேயே ஊசி வைத்தியம் நல்லபடியாக முடிந்தது. சாயங்காலமே எழுந்து நடக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார் டாக்டர். அத்தான் விட்டால்தானே! "பச்சைக் கான்கிரீட்டுல பாரம் ஏத்தலாமா? ஏழு நாள் தண்ணி விடாம எந்தச் சிமெண்டு இறுகும்?" என்று வாளியில் துண்டை நனைத்து நனைத்து அக்காவின் முதுகில் போர்த்தினார். நர்ஸ் பார்த்துவிட்டுத் திட்டித் தீர்த்துவிட்டாள். "என்ன அண்ணாச்சி நீங்க! ஊசி போட்ட எடம் நனையவே கூடாது. இது காப்பி குடிக்கிற நேரத்துல இறுகிரும்" என்று நனைந்த கட்டுத்துணியை மாற்றிவிட்டுப் போனாள்.

அத்தான் நம்பவில்லை. மறுபடியும் வாளியில் துண்டை முக்கினார். "செத்த நேரம் சும்மா இருங்க அத்தான், மானம் போகுது" என்றேன்.

"ஒனக்கென்ன தெரியும் தாயி? அவசரப்பட்டு, முட்டுக் குடுத்த சென்ட்ரிங் பலகையைப் பிரிச்சு, தளமே கீழ எறங்குனத இந்தக் கண்ணால பாத்தவன் நான்" என்றார். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. பாவம், எம்புட்டுப் பயம் அந்த மனுஷனுக்கு! எனக்கு இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

அவர் இட்லி வாங்கப் போன நேரம் பார்த்து அக்கா, "ஏட்டி, எந்திரிச்சுப் பாக்கட்டா?" என்றாள். கட்டிலை விட்டு இறங்கினாள். சுவரைத் தொடவில்லை. முனகலும் இல்லை. மெல்ல மெல்லக் கதவு வரை போய்விட்டாள். பொட்டலத்தோடு திரும்பிய அத்தான், அவள் நிற்பதைப் பார்த்ததும் அலறியடித்துக்கொண்டு வந்தார்.

அக்கா கையை நீட்டித் தடுத்தாள்.

"ஓடி வராதீக. நீங்க ஊத்துன தண்ணி தரையெல்லாம் கெடக்கு. வழுக்கி விழுந்துராதீக."