பிஸ்மத்தும் இரட்டை வடச் சங்கிலியும்

அக்காவின் திருமணம் 1962 ஆனியில் நடந்தது. மறு ஆண்டின் தொடக்கத்திலேயே தங்கக் கட்டுப்பாடு வந்து, பதினான்கு காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்றார்கள். அந்தச் சட்டத்துக்கு முன்பே செய்துவிட்டதால் அக்காவின் இரட்டை வடச் சங்கிலியையும் வளையல்களையும் பற்றி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு பெருமை. அவளுக்கு ஒரே மகள். அந்த நகை மகளுக்குத்தான் என்பதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருந்ததில்லை.

மச்சானுக்குப் போடியில் ஏலக்காய் வியாபாரம். நான் தேனியில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். அல்லிநகரத்து வீட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போவேன். தேதிகளைக் குறித்து வைக்கும் பழக்கம் எனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. ஆனால் அந்தச் செய்தி வந்த தேதி மட்டும் என்னிடம் இல்லை. 1980-இன் கடைசியோ மறு ஆண்டின் தொடக்கமோ. நான் படிப்பதற்கு முன்பே மச்சான் டீக்கடைப் பேப்பரில் படித்துவிட்டிருந்தார்.

"மாப்ளே, பிஸ்மத்துன்னா என்ன?" என்றார், இலையில் உட்கார்ந்ததும்.

"ஒரு உலோகம் மச்சான். ஏன்?"

"அமெரிக்காவுல அதத் தங்கமா மாத்திட்டாகளாம். நம்ம கம்பவுண்டர்ட்ட கேட்டேன். நான் குடிக்கிற வெள்ளை மருந்துல கெடக்குறதே அதுதாங்கிறாரு."

அவருக்கு நெடுநாளாக வயிற்றுப்புண். அலமாரியில் அந்த மருந்து எப்போதும் ஒரு பாட்டில் இருக்கும். அதை அவர் அன்று புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெசமா, பொய்யா? ஒத்த வார்த்தையில சொல்லு."

"நெசந்தான். ஆனா..."

"அது போதும்."

ஆனாலும் நான் சொன்னேன். பிஸ்மத் அணுவின் கருவில் எண்பத்து மூன்று புரோட்டான்கள், தங்கத்தில் எழுபத்தொன்பது. வேறு அணுக்கருக்களை அசுர வேகத்தில் மோதவிட்டு நாலைத் தட்டிவிட்டால் தங்கம். அப்படிச் செய்த தங்கம் கண்ணுக்குத் தெரியாது, தராசில் நிற்காது, அதிலும் பெரும்பகுதி கதிர்வீச்சோடு சிதைந்துபோகும், அந்த எந்திரத்தை ஓட்டும் செலவில் ஒரு ஊரையே விலைக்கு வாங்கலாம் என்றேன். எனக்கே நான் நன்றாகச் சொல்வதுபோல்தான் இருந்தது.

"மொதல்ல அப்படித்தான் இருக்கும்," என்றார் மச்சான். "டிரான்சிஸ்டர் வந்த புதுசுல எவன் வாங்குனான்? இன்னிக்கு ஆடு மேய்க்கிறவன் தோள்ல தொங்குது. மலையில மழை நல்லா விழுந்துருச்சுன்னு தெரிஞ்சாலே ஏலக்கா வெலை எறங்கும் மாப்ளே. காய் வந்து சேர வேணாம். சேதி வந்தாப் போதும்."

அணுவைப் பற்றி அவருக்குத் தெரியாது, ஆனால் சந்தையைப் பற்றி எனக்குத் தெரியாது. டிரான்சிஸ்டர் விஷயத்தில் அவர் சொன்னது உண்மையும்கூட.

அக்கா ரசம் ஊற்ற வந்தவள் நின்றுவிட்டாள். "மெஷின்ல அடிச்சு வர்றது வரட்டும். எங் கழுத்துல கெடக்குறத எதுக்கு நோண்டுறீக?"

"ஏ புள்ள, இப்ப வித்துட்டு, வெலை விழுந்ததும் ரெண்டு பங்கா வாங்கித் தாரேன். ஒம் மகளுக்கு ரெட்டை வடம் நாலு வடமாயிரும்."

நீயாவது தடுக்கக் கூடாதா என்பதுபோல் அக்கா என்னைப் பார்த்தாள். அந்த வருடம் முழுக்க அவள் என்னை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

1981 ஆகஸ்டில் நகை போயிற்று. அதற்குள் சின்னமனூரில் ஒரு நல்ல இடம் பேச்சில் இருந்தது. உரக்கடையும் வாழைத்தோட்டமும் உள்ள குடும்பம். பெண் பார்க்க வந்தபோதே பையனின் தாயார் அக்காவின் கழுத்தைப் பார்த்து, "இதத்தான் போடப் போறீகளா?" என்று கேட்டு, தலையாட்டியிருந்தார். படிப்பு முடியட்டும், அதன்பின் கல்யாணம் என்று பேசிவைத்திருந்தார்கள்.

"நீ கூடவே போ தம்பி. கடையில வச்சாவது சொல்லிப் பாரு," என்று அக்கா என்னை அனுப்பினாள். போனேன். மச்சான் காகிதப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தார். கடைக்காரர் உரசிப் பார்த்துவிட்டு, உருக்கிப் பார்த்துத்தான் தரம் சொல்ல முடியும் என்றார். பிறகு, எங்கள் இருவரில் யார் சொல்லப் போகிறோம் என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தார்.

"மச்சான், இன்னொரு நாள் வருவோம்," என்றேன்.

"உருக்குங்க," என்றார் மச்சான்.

சிறு மண்கிண்ணத்தில் சங்கிலி சுருண்டு கிடந்தது. ஊதுகுழலின் நெருப்பு பட்டதும் கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டின. கொஞ்ச நேரத்தில் எது வளையல், எது சங்கிலி என்று தெரியவில்லை.

அந்தப் பணத்தை வைத்து மலைமேல் ஓர் ஏலத்தோட்டத்தைக் குத்தகைக்குப் பிடித்தார். தங்கம் விழும்வரை பணம் சும்மா இருக்கக் கூடாதாம்.

விழுந்தது. இதுதான் இன்றும் எனக்கு ஆறவில்லை. 1982-இல் தங்கத்தின் விலை சற்று இறங்கியது. உலகச் சந்தையில் அதற்கு வேறு ஆயிரம் காரணங்கள். நான் அவற்றைப் படித்திருந்தேன், சொல்லவும் செய்தேன்.

"நீ படிச்ச காரணத்துக்கு விழுந்தா என்ன, நான் சொன்ன காரணத்துக்கு விழுந்தா என்ன? விழுந்துச்சுல்ல?"

"அப்ப இப்பவே வாங்கிருங்க மச்சான். குத்தகைப் பங்கை வித்துட்டு வாங்குங்க."

"எறங்குற சந்தையில மொத நாளே கைய வைக்கிறவன் வியாபாரியாடா?"

மறு வருடம் மழை பொய்த்தது. 1983 கோடையில் மலைத்தோட்டங்கள் காய்ந்து, செடிகள் தரையோடு பழுத்துக் கிடந்ததாக வந்தவர்கள் சொன்னார்கள். குத்தகைப் பணம் அங்கேயே போயிற்று. தங்கம் மறுபடி ஏறத் தொடங்கியிருந்தது. கடைவீதியில் அவர் நடந்தால், "என்ன அண்ணாச்சி, பிஸ்மத்து மூட்டை வந்து எறங்கிருச்சா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவரும் சிரிப்பார். வீட்டுக்கு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவார்.

சின்னமனூர்க்காரர்கள் ஆவணியில் வந்தார்கள். சண்டை போடவில்லை. காப்பி குடித்தார்கள். அக்காவின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் கிடந்தது. பையனின் தாயார் அதைப் பார்த்தார், கேட்கவில்லை. "ஜாதகத்த இன்னொரு தடவ பாக்கச் சொல்லிருக்காக," என்றார் பையனின் தகப்பனார். அவர்கள் எழுந்து போனார்கள். உள்ளே அக்கா மகள் டம்ளர்களை எடுத்துக் கழுவும் சத்தம் கேட்டது.

1985 தையில் அவளுக்குக் கடமலைக்குண்டில் கல்யாணம். இரண்டாம் தாரம். நல்ல மனிதர், வயது கூடுதல். நகை வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆனாலும் பந்தலில் வெறுங்கழுத்தாக உட்கார வைக்க முடியாது என்று அக்கா கவரிங்கில் ஒரு இரட்டை வடம் வாங்கியிருந்தாள். பார்வைக்குப் பழையதைப் போலவே இருந்தது.

மச்சான் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மிகவும் மெலிந்திருந்தார். மேளம் சற்று ஓய்ந்தபோது என் காதருகே குனிந்தார்.

"மாப்ளே, அந்த அமெரிக்காக்காரங்க அப்புறம் எதும் செஞ்சாகளா? பேப்பர்ல வந்துச்சா?"

"இல்ல மச்சான்."

"செய்வாக," என்றார். "ஒருநா செய்வாக."

அக்காவுக்கு அது கேட்டிருக்க வேண்டும். அவள் திரும்பவில்லை. மகளின் பின்னால் குனிந்து, அதற்குள் கறுக்கத் தொடங்கியிருந்த கொக்கியைச் சடைக்கு அடியில் தள்ளி, பூவை இழுத்து மறைத்துக்கொண்டிருந்தாள்.