அப்பா மன்னாருக்கு வந்த காரணம்

தடித்த மார்க்கர் பேனாவின் மூடியைத் திறந்தால் ஒரு மணம் வருமே, உங்களுக்கும் தெரிந்திருக்கும். கொஞ்ச நேரம் மோந்தால் தலை கிறுகிறுக்கும். போன சனிக்கிழமை என் மகள், பள்ளிக்கூடத்துக்குக் குடும்பக் கதை எழுதிக் கொண்டுபோக வேண்டும் என்று, இல்-பிசார் தீவில் உள்ள எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பெரிய மட்டையை விரித்து அந்த மூடியைத் திறந்தாள். அந்த மணத்தோடு எனக்கு ஆட்டிறைச்சிக் கறியும், அப்பாவும், பல்கலைக்கழக வாசலில் நின்ற கூட்டமும் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி அது. ஊரை விட்டு இந்தப் பனிநாட்டுக்கு வந்து, பிரெஞ்சு பேசும் நகரத்தின் ஓரத்தில் பியர்பொன்ட்ஸில் இருந்தோம். அப்பா மஞ்சள் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். அம்மாவுக்கு ஒரு கார்தறியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், வேலை. நாள் முழுக்கச் சின்னப்பிள்ளைகளோடு பிரெஞ்சில் மல்லுக்கட்டிவிட்டு வந்து, எங்களோடு தமிழில் தொடர்வார். நான் டவுன்டவுனில் முதல் பட்டம் படித்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸும் மெட்ரோவுமாகப் போய் வரும் நேரத்தில் பெரிய புத்தகங்களாக வாசித்து முடித்திருக்கலாம். நான் நித்திரை கொண்டேன். அடுத்ததாகச் சட்டம் படிக்க ஆசை. எங்கள் வீட்டில் வாதம் நடக்காத நாள் கிடையாது, ஆகவே பாதித் தகுதி வந்துவிட்டது என்று எனக்கு நினைப்பு.

அந்த வருடம் சட்டத்துறை விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் புதிதாக ஒரு கேள்வி வந்திருந்தது. நீங்கள் நிறத்தாலோ இனத்தாலோ சிறுபான்மையைச் சேர்ந்தவரா? விரும்பினால் மட்டும் பதில் சொல்லலாம். பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். விரல் நகத்தளவு கூட இல்லாத அந்தக் கட்டத்தால் வளாகமே இரண்டு பட்டது. மாணவர் பத்திரிகையில் ஒரு வாரம் ஆதரித்துக் கட்டுரை வந்தால் அடுத்த வாரம் எதிர்த்து வரும். சுவரில் ஒருத்தர் ஒட்டியதை இன்னொருத்தர் கிழிப்பார். தரம் கெட்டுவிடும் என்றார்கள் சிலர். இந்த நகரத்து மெட்ரோவில் இருக்கும் முகங்களில் கால்வாசியைக்கூட உங்கள் வகுப்பில் காணோமே, அது என்ன தரம் என்று கேட்டார்கள் மற்றவர்கள். நான் இரண்டாவது கட்சி. கடைசியில், அந்தக் கேள்வியை எடுத்துவிடலாமா என்று துறைக் கூட்டம் முடிவு செய்யப் போகிறது என்று செய்தி வந்தது. எடுக்காதே என்று கேட்க, புதன்கிழமை மத்தியானம் வாசலில் கூடுவதாக ஏற்பாடு.

அதற்கு முந்திய ஞாயிறு. தமிழ்ப் பூசை முடிந்து வந்து, அம்மா புட்டும் கறியும் எடுத்து வைக்கும் வரைக்கும் நான் மேசையில் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். அப்பா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். மற்ற எல்லாம் பேனாவால் எழுதியிருந்தேன். அந்தக் கட்டத்தில் மட்டும் பென்சிலால் மெல்லிய புள்ளடி. வாசலில் நின்று கோஷம் போடப் போகிற வீராங்கனையின் துணிவு அவ்வளவுதான்.

"அதை விடு. அந்தக் கட்டத்துக்கை ஒண்டும் போடாதை."

"ஏனப்பா?"

ஏன் என்று கேட்டிருக்கக் கூடாது. அப்பாவிடம் ஒரு கதை இருந்தது. சிவப்பு விளக்கில் கார் நின்றால் தொடங்கி, பச்சை விழுவதற்குள் முடிப்பார், அவ்வளவு பழக்கம். யாழ்ப்பாணத்தில் அவர் உயர்தரச் சோதனை எழுதிய காலத்தில் தரப்படுத்தல் வந்தது. எந்த மொழியில் எழுதினாய், எந்த மாவட்டம் என்று பார்த்து ஆளுக்கொரு வெட்டுப்புள்ளி வைத்தார்கள். பொறியியலுக்குப் போக வேண்டிய அப்பா மூன்று புள்ளியால் வெளியே நின்றார். அடுத்த முறையும் அப்படியே.

"இது அதில்லை அப்பா. அங்கை எங்களை வெளியிலை விடக் கேட்டவை. இஞ்சை உள்ளுக்கு எடுக்கக் கேக்கினம்."

"கேக்கிறவன் என்னத்துக்குக் கேக்கிறான் எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்? இண்டைக்கு நல்லவன் கேப்பான். நாளைக்கு அதே கடதாசி வேறை ஒருத்தன்ரை கையிலை இருக்கும்."

இவ்வளவு வருடம் சட்டத்தில் குப்பை கொட்டிய பிறகும் அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை என்பதை உங்களிடம் ஒத்துக்கொள்கிறேன். அப்பா அதோடு நிறுத்தியிருந்தால் வென்றிருப்பார்.

"பேந்து, நீ கெட்டிக்காரி எண்டு ஒருத்தரும் சொல்ல மாட்டினம். கோட்டாவிலை வந்தவள் எண்டுதான் சொல்லுவினம். அது ஒரு மரியாதையே?"

அம்மா கறிச்சட்டியை மேசையில் வைத்தார். மெல்லத்தான் வைத்தார்.

"அப்ப நான்?"

அம்மா மன்னார். மன்னார் அந்தக் காலத்தில் பின்தங்கிய மாவட்டம். அங்கே வெட்டுப்புள்ளி குறைவு. அந்த ஒதுக்கீட்டில்தான் அம்மா கம்பசுக்கு எடுபட்டார். எங்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான். ஆனால் அப்பாவை வெளியே தள்ளிய அதே கதவு அம்மாவை உள்ளே விட்டது என்று நான் அதுவரை ஒரு தடவைகூட யோசித்ததில்லை. இரண்டு பேரும் ஒரே மேசையில் இருபத்தைந்து வருடம் சாப்பிட்டிருக்கிறார்கள்.

"நாலு வருசம் ஒவ்வொருத்தரும் என்னைக் கேட்டவை, கோட்டாவோ எண்டு," அம்மா சொன்னார். "ஓம் எண்டனான். எடுத்தது கோட்டாவிலை. பாஸ் பண்ணினது நான். என்ரை பள்ளிக்கூடத்திலை ரசாயனத்துக்கு ரீச்சர் இல்லை, தெரியுமோ? ஆய்வுகூடத்திலை ஆடு படுத்திருக்கும்."

"நான் உம்மைச் சொல்லேல்லை."

"ஆரைச் சொன்னாலும் எனக்குத்தான் படும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, கொப்பர் மன்னாருக்கு ஏன் வந்தவர் எண்டு கேள்."

அது எனக்குத் தெரியும். மன்னாரிலுள்ள மடுமாதா கோயில் திருவிழாவுக்கு வந்த இடத்தில் அம்மாவைக் கண்டார். மாதா சேர்த்து வைத்த சோடி. பங்கில் எல்லாக் கலியாண வீட்டிலும் அப்பா அதைச் சொல்லுவார்.

"திருவிழாவுக்கு வாறவர் புத்தகத்தோடை வருவாரோ?" என்றார் அம்மா.

அப்பா, "நீர் பேசாமல் இரும்," என்றார். சத்தம் எழும்பவில்லை. அம்மா பேசாமல் இருக்கவும் இல்லை.

அந்த நாட்களில் யாழ்ப்பாணப் பெடியள் சிலர் செய்த வேலை அது. வெட்டுப்புள்ளி குறைந்த மாவட்டத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விலாசத்தைப் போட்டு, அங்கேயிருந்து சோதனை எழுதுவது. அப்பாவும் மூன்றாம் முறை மன்னாரில் தனக்குத் தூரத்துச் சொந்தமான அம்மாவின் மாமா வீட்டில் வந்து நின்றார். இந்த மாவட்டத்தில் எத்தனை வருடம் படித்தாய் என்ற கேள்விக்கு ஐந்து என்று எழுதினார். உண்மையில் ஐந்து மாதம். பிடிபட்டது. மாவட்ட ஒதுக்கீடு கிடையாது என்று கடிதம் வந்தது. அதே மாதம் அம்மாவுக்கும் ஒரு கடிதம் வந்தது, எடுபட்டதாக. அம்மாவின் ரங்குப்பெட்டியை ஸ்டேசனுக்குத் தூக்கிக்கொண்டு போனது அப்பா.

அப்பா மேசையை விட்டு விலகிச் சன்னலடிக்குப் போனார். வெளியே பனி கரைந்து முற்றம் சேறாகக் கிடந்தது. அவர் அவமானப்பட்டுவிட்டார் என்று எனக்குப் பயம் பிடித்தது. சட்டமும் வேண்டாம், கட்டமும் வேண்டாம், அப்பா திரும்பிப் பார்த்தால் போதும் என்று இருந்தது.

கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்துவிட்டுத் திரும்பினார்.

"நான் பொய் எழுதினனான். அதுதான் உப்பிடிக் கேள்வியைக் கண்டாலே அந்தக் கடிதம்தான் எனக்குக் கண்ணுக்கு முன்னாலை வரும். வேறை ஒண்டுமில்லை." மேசைக்கு வந்து விண்ணப்பத்தை எடுத்தார். "நீ எழுதுறது உண்மைதானே?"

"ஓம் அப்பா."

"அப்ப பேனையாலை எழுது. பென்சிலாலை என்ன கோழைத்தனம்?"

எழுதினேன். பேனாவை அழுத்திப் போட்டதில் புள்ளடி கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. பிறகு மூன்று பேரும் ஆறிப்போன புட்டைச் சாப்பிட்டோம்.

பதாகையை அம்மா எழுதித் தந்தார். கோயிலுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பழகிய கை. வீட்டில் மட்டை இல்லை. மாதா படம் போட்ட, போன வருடத்து மடுமாதா திருவிழா அறிவிப்புத்தான் பெரிய அளவில் கிடந்தது. அதன் பின்பக்கத்தில், "எங்களையும் எண்ணுங்கள்" என்று பிரெஞ்சில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி. அந்த மார்க்கர் மணம் புதன்கிழமை வரைக்கும் வீட்டில் நின்றது.

காலை ஓட்டத்துக்கும் பின்னேர ஓட்டத்துக்கும் இடையில் அப்பாவுக்கு நாலு மணித்தியாலம் ஓய்வு. புதன்கிழமை நான் வாசலில் நிற்கும்போது, காது மூடிய தொப்பியோடு அப்பா மெட்ரோவிலிருந்து ஏறி வந்தார். "சும்மா பாக்க வந்தனான்" என்றார். எனக்குக் கை விறைத்துவிட்டது என்று பதாகையை வாங்கியவர், பிறகு தரவே இல்லை. கோஷம் போடவில்லை, ஆடவில்லை, அசையவில்லை. சற்பிரசாதப் பவனியில் குடை பிடிக்கிற ஆள் போல நின்றார். ஒரு காற்று அடித்து பதாகை திரும்பியது அவருக்குத் தெரியவில்லை. கன நேரமாக மாணவர் கூட்டத்தின் நடுவில் மடுமாதா பல்கலைக்கழகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படம்தான் மாணவர் பத்திரிகையில் வந்தது. அடுத்த ஞாயிறு பங்கில் எல்லோரும் அப்பாவைப் பாராட்டினார்கள், டவுன்டவுன் வரைக்கும் மாதாவைக் கொண்டுபோனதற்கு.

கேள்வி அந்த வருடம் தப்பியது. எனக்கு இடம் கிடைத்தது. புள்ளடியாலா, புள்ளிகளாலா என்று யாரும் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. முதல் வாரமே கோப்பி இயந்திரத்தடியில் மார்த்தின் என்று ஒரு வகுப்புத் தோழன், கெட்ட எண்ணம் இல்லாமல்தான், அந்தக் கட்டம் உதவியதா என்று கேட்டான். "இருக்கலாம். ஆனால் சோதனையில் அந்தக் கட்டம் வந்து எழுதாது, நான்தான் எழுதுவேன்," என்றேன். அம்மாவின் சரக்கு, பிரெஞ்சில். கிறிஸ்மஸுக்கு முந்திய சோதனைக்கு அவன் என் குறிப்புகளைத்தான் இரவல் வாங்கினான்.

அப்பா அதற்குப் பிறகு திருவிழாக் கதையைச் சொல்லவில்லை. கலியாண வீடுகளில் யாராவது கேட்டால், "களவாச் சோதினை எழுதப் போன இடத்திலை இவ பாஸ் பண்ணிட்டா," என்று சொல்லி, முதல் ஆளாகத் தானே சிரிப்பார்.

இப்போது விண்ணப்பம் எல்லாம் கணினியில். கட்டம் ஒன்றுக்குப் பதில் ஒரு நீளப் பட்டியல். பேனாவும் இல்லை, பென்சிலும் இல்லை. நாங்கள் நின்ற வாசலைப் பெருப்பித்துக் கட்டிவிட்டார்கள். அப்பா போய் இரண்டு பனிக்காலம் ஆகிறது.

சனிக்கிழமை மகள் மார்க்கரைப் பிடித்துக்கொண்டு, எங்களோடு இருக்கும் அம்மாவிடம் கேட்டாள். அம்மப்பா ஏன் மன்னாருக்குப் போனவர்?

"மடுத் திருவிழாவுக்கு," என்றார் அம்மா, கண்ணிமைக்காமல்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். "அம்மா?"

"அது அவரின்ரை களவு, பிள்ளை. அவர் சொன்னால் பகிடி. அவர் இல்லாத இடத்திலை நான் சொன்னால் கோள்."

மகள் 'மடுத் திருவிழாவுக்கு' என்று பெரிய எழுத்தில் எழுதிவிட்டு மூடியைப் போட்டாள். பென்சிலால் எழுதியிருந்தால் அழித்துத் திருத்தியிருக்கலாம்.