குழாய் நீள விட்ட இடம்

பாபநாசம் பக்கத்து அரிசி ஆலையில் நான் மாற்றிக் கொடுத்த நீராவிக் குழாய், சூடேறியதும் வில்லாய் வளைந்துவிட்டது. தொட்டியில் புழுங்கலுக்கு ஊறிய நெல் காத்திருந்தது. "வெல்டிங் சரியில்ல" என்று எல்லார் முன்னாலும் வெல்டர் சலீம் பாயைத் திட்டினேன்.

பிறகு, சூட்டில் குழாய் எவ்வளவு நீளும் என்று நான் போட்ட கணக்கிலேயே ஒரு சந்தேகம். திருவாரூரில் ஒரு கல்லூரி நூலகத்துக்குப் போன் செய்தேன். முன்பின் தெரியாத அந்த நூலகர் பொறியியல் கையேட்டைத் தேடியெடுத்து, "சாதா இரும்பா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாங்க? ரெண்டும் ஒரே மாதிரி விரியாதுங்களே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஸ்டெயின்லெஸ் குழாய்க்கு, மனப்பாடமாய்த் தெரிந்த இரும்புக் கணக்கையே போட்டிருந்தேன். சூட்டில் அது நீள இடம் போதவில்லை.

எல்லார் முன்னாலும், "தப்பு என்னோடதுதான் பாய்" என்றேன்.

"அத அப்பறம் பேசிக்கலாம் சார். நெல்லு நாறிடும். எவ்வளவு இடம் விடணும், சொல்லுங்க."

ஆறு வருடமாகிறது. அவருக்கு அந்த 'அப்பறம்' இன்னும் வரவில்லை. எனக்கு ஒவ்வொரு குழாய் மாட்டும்போதும் வருகிறது.