சாட்சி சொன்ன ஸ்டீபனும் என் வெல்டிங் மிஷினும்

இன்று ஞாயிறு, காலை பத்தேகால். புதூர்நாட்டில் எங்கள் சபையில் என்னோடு முப்பத்தொரு பேர்.

கர்த்தர் தனக்குச் செய்ததை எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில் என் நண்பன் ஸ்டீபன் எழுந்தான். "கர்த்தர் என் கடனையெல்லாம் மன்னிச்சிட்டாருங்க!"

எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். பாஸ்டர் கைதட்டினார்.

ஒரு வாரத்துக்கென்று வாங்கிப்போன என் வெல்டிங் மிஷினை வாணியம்பாடியில் விற்றவன் இவன்தான். அன்றிலிருந்து எனக்கு வேலையில்லை.

ஆராதனை முடிந்ததும் அவனை வாசலில் பிடித்தேன். "எனக்கு இன்னாடா பதில்?"

"கர்த்தரே வுட்டுட்டாரு. நீ இன்னா மச்சான், அவருக்கும் மேலயா?"

"மிஷின் அவருதாடா?"

சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறிவிட்டான்.

இனி நான் செய்யப்போவது:

1. நாளை அவன் வீட்டுக்குப் போவேன்.

2. என் முகத்தைப் பார்த்து "தப்பு பண்ணிட்டேன்டா" என்றால், மிஷினை விட்டுவிடுவேன்.

3. அதுவரை, கர்த்தருடைய ஜெபத்தில் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற வரி வந்தால், அதைச் சொல்லாமல் தப்பிக்க எனக்கு இருமல் வரும். வேறு யாருக்கெல்லாம் அங்கே இருமல் வருகிறது?