இடைவேளைக்கு முந்திய பத்து நிமிஷம்

வியாழன் காலை ஹீத்ரோவில் இறங்கியபோது என்னிடம் ஒரு சூட்கேஸும் ஒரேயொரு அலுவலும் இருந்தன. என் மகள் சுகந்தியை மேடையில் பார்க்கவேண்டும். மெல்பேணில் இருந்து பத்தாயிரம் மைலுக்கு மேல் பறந்து, நடுவில் சிங்கப்பூரில் அரை நாள் குந்தியிருந்து வந்தது அதற்காகத்தான். அரண்மனை பார்க்கவோ ஒக்ஸ்போர்ட் ஸ்ட்ரீட்டில் சாமான் வாங்கவோ இல்லை. வேலையில் ஒரு கிழமைதான் லீவு தந்தார்கள். ஞாயிறு பின்னேரம் திரும்பப் பிளேன் ஏறவேண்டும்.

சுகந்தி நாலு வயசில் யாழ்ப்பாணத்தில் இருந்து எங்களோடு அவுஸ்திரேலியாவுக்கு வந்தவள். எண்பதுகளில் மற்ற வீட்டுப் பிள்ளைகள் மருந்தும் கணக்கும் படிக்க, இவள் நாடகக் கல்லூரிக்குப் போனாள். ஆஸ்பத்திரித் தொடர் ஒன்றில் மூன்று வருஷம் நேர்ஸாக வந்தாள். ஒரு சினிமாப் படத்தில் ஆற்றில் மிதந்த பிணம் அவள்தான். ஒரு சலவைத்தூள் விளம்பரத்தில் வெள்ளைச் சட்டையை மணந்து பார்த்துச் சிரித்தாள். எல்லாவற்றையும் நான் ரீவியில் பார்த்து, கசெற்றில் பதிந்து, விம்பிள்டனில் இருக்கும் என் அண்ணைக்கும் அனுப்பினேன். ஆனால் அவளுக்கு மேடைதான் உயிர். அந்த மேடையோ ஒருநாள் பேர்த்தில், மறுநாள் பிறிஸ்பேனில். நான் லீவு எடுத்து வெளிக்கிட முதலே நாடகம் முடிந்துவிடும். இப்போது தொண்ணூறுகளில், லண்டனில் வால்தம்ஸ்டோவில் ஒரு சின்ன அறை எடுத்துத் தங்கி, முதன்முதலாக ஒரு நல்ல வேஷம் பிடித்திருந்தாள். இதையும் ரீவியில் பார்க்க எனக்கு விசரே?

அண்ணை என்னைக் கூட்டிப்போக விமான நிலையத்துக்கு வந்தார், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிந்தி.

"பிளேன் எப்பவும் பிந்தித்தானே பிள்ளை வரும்," என்றார்.

அன்றைக்கே நான் முழித்திருக்கவேண்டும்.

வியாழன் இரவு நாடகத்துக்குப் போகலாம் என்றால், என்னைப் பார்க்கவென்று அண்ணையின் மனைவி, என் மச்சாள், பத்துப் பதினைந்து பேரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தா. வெள்ளிக்கிழமை ஹவுன்ஸ்லோவில் மச்சாளின் சொந்தத்தில் ஒரு கலியாண வரவேற்பு. "மெல்பேணில இருந்து வந்து நிண்டுகொண்டு நீர் வராட்டி அவை என்ன நினைப்பினம்?" என்றா. அழைப்பிதழில் ஆறு மணி. நான் அடம்பிடித்து ஆறுக்கே கூட்டிப்போக வைத்தேன். மண்டபத்தில் கதிரை அடுக்குகிற ஆள் மட்டும்தான் நின்றார். எட்டு மணிக்குத்தான் மாப்பிள்ளை பொம்பிளை வந்தார்கள். அண்ணை இரவு முழுக்க என்னைப் பகிடி பண்ணினார்.

வீட்டுக்கு வந்து சுகந்திக்கு போன் எடுத்தேன்.

"அம்மா, கவனமாக் கேளுங்கோ," என்றாள். "நான் இடைவேளைக்கு முந்தின பத்து நிமிஷம்தான் வருவன். தனிய நிண்டு கதைப்பன். பேந்து அந்தப் பாத்திரமே இல்லை. நாளைக்கு ஏழரைக்கு. முன்வரிசையில மூண்டு சீற் வைச்சிருக்கிறன். நாளையோட நாடகம் முடியுது."

அவள் நடிப்பது, வருகிறோம் என்று சொன்ன சொந்தக்காரருக்காக மேசை போட்டுச் சமைத்து வைத்துக் காத்திருக்கும் பெண். ஒருவரும் வருவதில்லை. வராத ஆட்களோடு அவள் தனியாகப் பேசவேண்டும்.

"டைரக்டருக்கு இன்னும் திருப்தியில்லை அம்மா. என்ர கோபம் காணாதாம். அழுகை வருகுது, கோபம் வருகுதில்லையாம்."

"மாமா வீட்டில ரெண்டு நாள் வந்து இரு. தன்பாட்டில வரும்," என்றேன். சிரித்துப்போட்டு போனை வைத்தாள்.

சனி பின்னேரம் நாலு மணிக்கே நான் சேலை உடுத்து வாசலில் நின்றேன். விம்பிள்டனில் டிஸ்ட்ரிக்ட் லைன் ஏறி, ஏர்ல்ஸ் கோர்ட்டில் மாறினால் லெஸ்ரர் ஸ்குவெயர். அங்கிருந்து தியேட்டர் கூப்பிடு தூரம். எல்லாம் விசாரித்து வைத்திருந்தேன்.

"வீட்டில கார் நிக்கேக்க ரெயினே?" என்றார் அண்ணை. "எட்டு மைல் தூரம். என்ன அவதி உனக்கு?"

மச்சாள் வெளிக்கிட்டு வர அஞ்சரை. காரில் ஏறினால் கார் கோயிலுக்குப் போகிறது. சுகந்தியின் நாடகம் நல்லாய் நடக்கவேண்டும் என்று அவளுடைய பேருக்கு ஒரு அர்ச்சனையாம், அஞ்சு நிமிஷமாம். நாங்கள் உள்ளே போகவும் ஐயர் பின்னேரப் பூசையைத் தொடங்கவும் சரியாக இருந்தது. தீபம் பார்க்காமல் வெளியே போகலாமோ? போக ஏலாது. தீபம் முடிய அர்ச்சனை, அர்ச்சனை முடியச் சுண்டல். செருப்புக் கழற்றிய இடத்தில் இரண்டு பொம்பிளையள் பிடித்துக்கொண்டார்கள்.

"அந்தச் சட்டை மணக்கிற பிள்ளையின்ர தாய் நீங்களே? கசெற்றில பாத்தனாங்கள்."

"ஓம், ஓம்," என்று சொல்லிக்கொண்டே நான் செருப்பை மாறிப் போட்டேன். வெளியே வர ஆறே முக்கால்.

வழியில் கிளாப்பம் என்ற இடத்தில் கார்கள் அசையவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மச்சாள் பின்சீற்றில் இருந்து வடைப்பெட்டியைத் திறந்து நீட்டினா.

"பிள்ளை, நேற்றுப் பாத்தனிதானே," என்றார் அண்ணை. "ஏழரை எண்டு போட்டா எட்டரைக்குத்தான் தொடங்குவாங்கள். அதோட, நடிகையின்ர தாய் வராமல் நாடகம் தொடங்குவாங்களே?"

வடையைத் தூக்கி அவருடைய தலையில் எறியவேண்டும் போல இருந்தது. அறுபது வயசு மனுசன் என்று பார்த்தேன்.

காரை நிறுத்த இடம் தேடி அதே நாலு தெருவைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் தியேட்டர் வாசலுக்குள் நான் ஓடியபோது மணி எட்டு பத்து. கதவடியில் நின்ற வெள்ளைக்காரப் பிள்ளை மிகவும் தன்மையாகச் சொன்னாள், இடைவேளைக்குத்தான் உள்ளே விடலாமாம். நான் அந்த நடிகையின் தாய் என்றேன். அவுஸ்திரேலியாவில் இருந்து வருகிறேன் என்றேன். நாளைக்குப் போய்விடுவேன் என்றேன். ஒவ்வொன்றுக்கும் மனவருத்தப்பட்டாள். கதவை மட்டும் திறக்கவில்லை. "அங்கே பாருங்கள், உங்கள் மகள் இப்போதுதான் வருகிறார்," என்று சுவரைக் காட்டினாள்.

கோட்டுக் கொழுவும் இடத்துக்கு மேலே ஒரு சின்ன ரீவி. கறுப்பு வெள்ளை. சத்தமில்லை. என் பெருவிரல் அளவில் ஒரு மேசை, அதற்குப் பக்கத்தில் என் மகள். கையை நீட்டுகிறாள், ஒரு கோப்பையைத் தூக்குகிறாள், வாய் அசைகிறது. என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லை. இதற்கு நான் மெல்பேணில் என் சோபாவில் இருந்திருக்கலாம். அங்கே பெரிய ரீவி, கலர் ரீவி. பத்து நிமிஷமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்தது. மச்சாள் வடைப்பெட்டியைத் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டா. மூடிய கதவுக்குப் பின்னால் கைதட்டல் கேட்டது, நெடுநேரம் கேட்டது.

இடைவேளைக்குப் பிறகு எங்களை முன்வரிசையில் கொண்டுபோய் இருத்தினார்கள். யாரோ ஒரு கிழவரும் யாரோ ஒரு பெடியனும் ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்தார்கள். ஏன் என்று நான் கவனிக்கவில்லை.

நாடகம் முடிய, பின்வாசல் ஒழுங்கையில் சுகந்தி வந்தாள். மேக்கப் அரைவாசி அழித்தபடி இருந்தது.

"மேடையில இருந்து முன்வரிசை வடிவாத் தெரியும் அம்மா," என்றாள். "மூண்டு கதிரையும் வெறுமையாக் கிடந்தது. எனக்கு வந்த கோபத்துக்குக் கோப்பையை உடைச்சுப்போட்டன். அது நாடகத்தில இல்லை."

"பேந்து?"

"டைரக்டர் வந்து கட்டிப்பிடிச்சுப்போட்டுப் போறார். ஆறு கிழமையில இண்டைக்குத்தான் எனக்குச் சரியா வந்ததாம்."

நான் பார்க்காத அன்றைக்குத்தானா உனக்குச் சரியாக வரவேண்டும் என்று கேட்டேன். அவளும் அழுதாள், சிரித்தாள். மச்சாள் வடை கொடுத்தா. பசியில் மூன்று தின்றாள்.

ஞாயிறு பின்னேரம் ஹீத்ரோ. அண்ணை அன்றைக்கும் பிந்தித்தான் கொண்டுவந்து விட்டார். சூட்கேஸைக் கொடுத்துவிட்டு, உள்ளே போகும் வழிக்குப் பக்கத்தில் சுகந்தியோடு நின்றோம். மெல்பேணில் எனக்கு எந்த அலுவலும் சொன்ன நேரத்துக்கு நடக்கும். ஆனால் என் பிள்ளை அங்கே இல்லை.

"அம்மா, செய்து காட்டவே?" என்றாள் சுகந்தி திடீரென்று.

கைப்பையைக் கீழே வைத்தாள். ஒரு தள்ளுவண்டியை இழுத்துத் தனக்கு முன்னால் மேசையாக நிறுத்தினாள். பேச முதல் ஒரு மூச்சு எடுத்தாள். அந்த மூச்சு எனக்குக் கேட்டது. இத்தனை வருஷத்தில் ரீவி அதை எனக்குத் தந்ததே இல்லை. பிறகு வராத ஆட்களைப் பார்த்துப் பேசத் தொடங்கினாள், இங்கிலீஷில், சத்தமாக, என் முகத்துக்கு நேரே. சூட்கேஸ் தள்ளிக்கொண்டு போனவர்கள் நின்றார்கள்.

அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார். நான் வந்த நாளில் இருந்து அவர் அதைப் பார்த்ததை நான் காணவில்லை.

"பிள்ளை, கடைசி முறை கூப்பிடுறாங்கள். பிளேனுக்குப் பிந்திப்போச்சு, கெதியா வெளிக்கிடு."

"சும்மா நில்லுங்கோ அண்ணை," என்றேன். "நடிகையின்ர தாய் ஏறாமல் பிளேனை எடுப்பாங்களே?"

சுகந்தி நிறுத்தவில்லை.